வயிறு தெரியாத வரிசை

சீமாங் என்னும் மகப்பேறு, பச்சிளங்குழந்தை அவசரச் சிகிச்சைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வலப்பக்கம் திரும்பினால் கர்ப்பிணிகள் வரிசை. ஏழு மாதம், எட்டு மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு வந்திருக்கிறாள் ஒருத்தி, முழங்கை வரை கண்ணாடி வளையல். பக்கத்தில் தூக்குவாளியோடு அவள் அம்மா. இடப்பக்கம் திரும்பினால் இன்னொரு வரிசை. அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் வயிறு தெரியாது. எல்லார் மடியிலும் ஒரு துணிக்கடைப் பை. பைக்குள் ஸ்கேன் காகிதங்கள், மங்கிப்போன ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி.

திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்களுக்கான ஓ.பி. இது. தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒருநாள் நடக்கிறது. பெயர், ஊர் எதையும் எழுத மாட்டேன் என்று சொன்ன பிறகு, பேராசிரியர் அம்மா தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கேட்டதுதான் உள்ளே புரிந்துகொள்ள உதவியது.

பெஞ்சில் நடப்பது ஒரு விசாரணை. குற்றவாளி யார் என்று முன்பே முடிவாகிவிட்ட விசாரணை. "நாலாவது மாடி வீடு மதினி. ஏறி இறங்குனதுலதான் போச்சுன்னு எங்க அத்தை சொல்லுதாவ" என்றாள் ஒருத்தி. அடுத்திருந்தவள் பையை மாற்றி வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது. மூணும் போச்சு" என்றாள். பப்பாளி, எள்ளுருண்டை, ஸ்கூட்டியில் போனது, குடம் தூக்கியது, கிரகணத்தன்று வெளியே வந்தது என்று ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு காரணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காரணங்களில் ஒன்றில்கூடக் கணவன் இருக்கவில்லை. வரிசையில் கணவர்கள் இல்லாமல் இல்லை. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போன் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே போனால் பேராசிரியர் முதலில் கேட்பது பழைய காகிதங்களைத்தான். "எத்தனாவது வாரத்துல? ஹார்ட்பீட் வந்துச்சா, வரலையா? ஸ்கேன்ல பாப்பா எத்தனை மில்லிமீட்டர்?" பெண்கள் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். "தங்கலம்மா", "நிக்கலம்மா", "கிளீன் பண்ணிட்டாங்கம்மா" என்பதற்கு மேல் அவர்களிடம் யாரும் எதுவும் விளக்கியிருக்கவில்லை. அஞ்சாவது வாரத்தில் கலைந்ததா, பத்தாவது வாரத்தில் துடிப்பு வந்த பிறகு நின்றதா என்பதில் நோயின் பாதி விடை இருக்கிறது என்கிறார் அவர்.

இடையில் கிடைத்த ஐந்து நிமிடத்தில் கணக்கைச் சொன்னார். உறுதியான கர்ப்பங்களில் 100-க்குச் சுமார் 15 தானாகக் கலைகின்றன. 2021-ல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், உலகில் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள், அதாவது நிமிடத்துக்கு 44 என்று மதிப்பிட்டது. ஒருமுறை கலைவது அவ்வளவு சாதாரணம். இரண்டு முறை கலைந்தவர்கள் 100-க்கு இரண்டு பேர்கூட இல்லை. மூன்றோ அதற்கு மேலோ என்றால் ஒருவருக்கும் குறைவு. எத்தனை முறைக்குப் பிறகு காரணம் தேட வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி மூன்று என்கிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-லிருந்து இரண்டே போதும் என்கிறது. "நான் ஐரோப்பாக் கட்சி" என்று சிரித்தார் பேராசிரியர். "மூணாவதா ஒண்ணு போகட்டும், அப்புறம் பார்க்கலாம்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கையே பிசகியிருக்கிறது. அந்தக் கருவை எந்த ஊசியும் எந்தப் படுக்கையும் காப்பாற்றாது. வயது கூடக்கூட இந்தப் பிசகும் கூடும். நார்வே நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதுப் பெண்களிடம் 10 சதவீதமாக இருந்த கருச்சிதைவு 45 வயதுக்கு மேல் 53 சதவீதம். மீதிப் பாதிக்குள்தான் கருப்பையின் அமைப்பு, ரத்தம் உறையும் கோளாறு, ஹார்மோன் எல்லாம் வருகின்றன. அதில் ஹார்மோனுக்கு இருக்கும் பெயரும் புகழும் அதன் பங்கை விடப் பெரியது என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சின்னப் பங்குதான் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுவதும், சில ரூபாய் மாத்திரையில் சரியாவதும். அதைக் கவனிக்காமல் விடுவதுதான் கொடுமை.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் ஒருத்தி வந்தாள். 27 வயது. மூன்று கர்ப்பம், மூன்றும் ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் போய்விட்டன. மாமியார்தான் பையைப் பிரித்தார். ஒவ்வொரு முறையும் வாராவாரம் புரொஜெஸ்டிரோன் ஊசி, முழுப் பெட் ரெஸ்ட். கட்டிலின் கால்பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்களாம். பேராசிரியர் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, மூன்றாவது கர்ப்பத்தின் சீட்டில் நின்றார். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 9.8. பக்கத்தில் பேனாவால் தைராய்டு மாத்திரை எழுதப்பட்டிருந்தது.

"இந்த மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"அப்போ சாப்பிட்டேன். இப்ப இல்லம்மா."

"ஏன் நிறுத்தின?"

"மாத்திரை புள்ளைக்குத்தானே கொடுத்தாங்க. புள்ளைதான் போயிட்டே."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்போது எப்படிச் சாப்பிட்டாள் என்று விசாரித்தார். காலையில் காப்பி குடித்து, இட்லி தின்று, சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே வாயில். மாமியார்தான் மறக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு அக்கறையாகக் கொடுத்த மாத்திரையில் பெரும்பகுதி உடம்பில் சேரவே இல்லை. இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். காப்பியும் அது உள்ளே போவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரில் விழுங்கி, அரை மணியாவது கழித்துத்தான் காப்பி. இரும்பு, கால்சியம் என்றால் நான்கு மணி நேர இடைவெளி. அந்த மூன்று கர்ப்பத்திலும் இதை யாரும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை.

தைராய்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், சிசுவின் தைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கவே 10, 12 வாரம் ஆகிவிடும். அதுவரை அதற்குத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்துதான் போயாக வேண்டும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் தைராக்சினைச் சுமந்து திரியும் புரதமும் பெருகி, அதில் நிறையப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் நாள் தள்ளிப்போன வாரத்திலிருந்தே தேவை கூடுகிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பத்தில் கால் பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கிட்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றே டாக்டரிடம் கேட்டு வாரத்துக்கு இரண்டு மாத்திரை அதிகமாக்கிக்கொள்வது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டலிலேயே உள்ள முறை. நம் ஊரில் நடப்பது அதற்கு நேர்மாறு. "மாசமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு" என்று அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள்.

"அப்போ இதனாலதான் மூணும் போச்சாம்மா?" என்று மாமியார் கேட்டார். குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. மாடிப்படிக்குப் பதிலாக வேறொன்று கிடைத்த நிம்மதி.

"மூணுக்கும் இதுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இது ஒண்ணு. இதைச் சரி பண்ணுவோம். மத்ததையும் பார்ப்போம்" என்றார் பேராசிரியர். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. தைராய்டு எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தும் டி.எஸ்.எச். சரியாகவே இருக்கும் பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் பலனுண்டா என்று பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.9. அதாவது குறைபாடு இருக்கும் இடத்தில் தைராக்சின் மருந்து. இல்லாத இடத்தில் அது வெறும் பழக்கம்.

அந்தப் பெண்ணின் பின்னாலேயே நானும் ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். மேசை மேல் மூடியின் நிறத்தைப் பார்த்து அடுக்கிய குழாய்கள். மஞ்சள் மூடி தைராய்டுக்கும், புரோலாக்டின் என்னும் பால் சுரப்பு ஹார்மோனுக்கும். ஊதா மூடி எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சர்க்கரைக்கு. சாம்பல் மூடி அன்றைய சர்க்கரைக்கு. இளநீல மூடி, ரத்தம் உறையும் கோளாறு பார்ப்பதற்கு. கடைசியாகச் சொன்னது ஹார்மோன் விஷயம் அல்ல. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்ற, உடம்பே தனக்கு எதிராகக் கிளம்பும் கோளாறு; நஞ்சுக்கொடி வளர்வதை அது கெடுத்துவிடும். ஒருமுறை இருப்பதாகத் தெரிந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெபாரினும் உண்மையாகவே பலன் தரும். தொடர் கருச்சிதைவில் தெளிவான மருத்துவம் உள்ள சில காரணங்களில் இதுவும் ஒன்று.

ஊசி போடும் சிஸ்டர் எல்லாரையும் உடனே குத்துவதில்லை. புரோலாக்டின் எழுதியிருந்தால் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரவைக்கிறார். ஓடிவந்த மூச்சோடும் அழுத கண்ணோடும் எடுத்த ரத்தத்தில் புரோலாக்டின் ஏறித்தான் இருக்கும். எழுந்தவுடன் எடுத்தாலும் ஏறியிருக்கும். "வாயுவுக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களாக்கா?" என்றும் ஒரு கேள்வி. கேஸ் மாத்திரை என்று மருந்துக்கடையில் வாங்கி வெறும் வயிற்றில் போடுகிற கலவை மாத்திரைகள் பலவற்றில் டோம்பெரிடோன் இருக்கிறது. அது புரோலாக்டினை ஏற்றிவிடும். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். ஆக, அந்த ஓர் எண்ணைப் பார்த்து உடனே இன்னொரு மாத்திரை எழுதுவது அவசரம். தைராய்டைச் சரி செய்தால் பல பேருக்கு இதுவும் இறங்கிவிடும்.

உயிர்வேதியியல் ஆய்வகம் மாடியில். எடுத்த ரத்தம் முதலில் உறைய வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவார்கள். சுற்றி எடுத்த குழாயில் கீழே கருஞ்சிவப்பு, நடுவில் ஜெல், மேலே வெளிர்மஞ்சள் நீர். அந்த நீரைத்தான் இயந்திரம் ஒரு துளி உறிஞ்சி எடுக்கிறது. ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கலந்து, அதிலிருந்து வரும் ஒளியை அளந்து எண்ணாக்குகிறது. டி.எஸ்.எச். ஏன் தைராய்டு குறைந்தால் ஏறுகிறது என்று நான் கேட்டதற்கு, லேப் டெக்னீஷியன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வேலை நடக்கலைன்னா மேஸ்திரி சத்தம் கூடும்ல? அதான் சார். டி.எஸ்.எச். மூளையிலிருந்து வர்ற சத்தம்."

அவரிடமிருந்து இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முடி கொட்டாமல் இருக்கப் பெண்கள் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இந்த மாதிரி இயந்திரங்கள் சிலவற்றை ஏமாற்றிவிடுமாம். பரிசோதனை முறையே பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்துகிறது. ரத்தத்தில் அது நிறைய மிதந்தால் டி.எஸ்.எச். உள்ளதை விடக் குறைவாகக் காட்டும். தைராய்டு குறைந்தவளின் சீட்டு 'நார்மல்' என்று வந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி 2017-லேயே எச்சரித்திருக்கிறது. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், முடி கொட்டினால் பயோட்டின், பயோட்டினால் தைராய்டு தெரியாது. இந்த வட்டத்தை யோசித்தபடியே படியிறங்கினேன்.

ஸ்கேன் அறையில் ஆண்களுக்கு அனுமதியில்லை. வாசலில் நின்று டாக்டரிடம் பேசியதோடு சரி. ஆனால் அந்த இரண்டு நிமிடப் பேச்சு முக்கியமானது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் தைராய்டு உள்ளவர்களுக்கும் மாதவிலக்கு ஒழுங்காக வராது. முட்டை எந்த நாளில் வந்தது என்று தெரியாது. தீட்டுக் கணக்கில் ஏழு வாரம் என்பது உண்மையில் ஐந்து வாரமாக இருக்கும். ஐந்து வாரத்தில் துடிப்பு தெரியாது. "ஹார்ட்பீட் வரல" என்று அன்றே கிளீன் செய்ய அனுப்பினால், இருந்த கருவையும் நாமே கலைத்ததாகிவிடும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லாவிட்டாலோ, பை 25 மில்லிமீட்டரைத் தாண்டியும் உள்ளே கரு தெரியாவிட்டாலோதான் முடிந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு வாரமாவது பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்தப்போக்கோ வலியோ அதிகமில்லாத வரை, அந்த ஒரு வாரத்தைக் கேட்டு வாங்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு.

திரும்பிப் பேராசிரியர் மேசைக்கு வந்தபோது வேறொரு குடும்பம். அங்கே எல்லாரும் எதிர்பார்த்து வந்திருந்தது ஊசியை. "போன தடவை அந்த ஆஸ்பத்திரில வாரத்துக்கு ஒரு ஊசி போட்டாங்க. இங்க இல்லையாம்மா?" கர்ப்பம் தங்கும் ஊசி என்றே அதற்கு ஊரில் பெயர். பேராசிரியர் அவர்களுக்குச் சொன்னது இரண்டு வாக்கியம். என்னிடம் அதற்குப் பின்னால் இருப்பதையும் சொன்னார்.

புரொஜெஸ்டிரோன் இல்லாமல் கர்ப்பம் இல்லை. அதில் சந்தேகமே கிடையாது. முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசுதான் முதல் சில வாரங்களுக்கு அதைச் சுரக்கிறது. பிறகு நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்கும். ஆர்ப்பாட் சாப்போ என்ற ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் இதை உறுதிப்படுத்தினார்: ஏழாவது வாரத்துக்கு முன் அந்தத் திசுவை எடுத்தால் கர்ப்பம் கலைந்தது, ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு எடுத்தால் நின்றது. இதிலிருந்துதான், கலைகிற கர்ப்பத்துக்கெல்லாம் புரொஜெஸ்டிரோன் குறைவே காரணம் என்ற முடிவுக்குத் தாவினார்கள். பல நேரம் நடப்பது தலைகீழ். கரு நின்றுவிட்டது; அதனால் கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. ஹார்மோன் குறைந்தது, அதனால் மஞ்சள் திசு தளர்ந்தது, அதனால் புரொஜெஸ்டிரோன் இறங்கியது. சீட்டில் தெரியும் குறைந்த எண் சாவின் காரணம் அல்ல, சாவின் அடையாளம். போதாக்குறைக்கு, மாதவிலக்குச் சுழற்சியின் பின்பாதியில் இந்த ஹார்மோன் ஒரே நாளிலேயே ஏறி ஏறி இறங்கும். ஒருமுறை எடுத்த அளவை வைத்து ஒருத்தியின் உடம்புக்குப் 'பத்தவில்லை' என்று தீர்ப்பெழுத முடியாது.

ஹார்மோன் ஆயிற்றே, கொடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தார்கள். பாஸ்டனில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதி அதைக் கருச்சிதைவுக்கு மருந்தாகப் பரிந்துரைத்தனர். அமெரிக்கா முழுக்க லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். 1953-ல் சிகாகோவில் டீக்மன் குழு 1,600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் முறையாகச் சோதித்துப் பலனே இல்லை என்று காட்டியது. அதன் பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1971-ல் பாஸ்டனில் இளம் பெண்கள் எட்டுப் பேருக்கு வந்த அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆண்டுதான் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பலனில்லை என்று தெரிந்ததற்கும் நிறுத்தச் சொன்னதற்கும் நடுவில் 18 ஆண்டுகள்.

இன்று கொடுக்கப்படும் இயற்கைப் புரொஜெஸ்டிரோன் அந்த வகை அல்ல, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதையும் சோதித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆரி குமாரசாமி தலைமையில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் காரணம் தெரியாமல் பலமுறை கரு கலைந்த 836 பெண்களிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 65.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 63.3. வேறுபாடு தற்செயலுக்குள் அடங்குகிறது. எனக்கு இதில் பெரிதாகப்பட்டது இரண்டாவது எண். மூன்று, நான்கு என்று இழந்த பெண்களில்கூட, எந்த மருந்தும் இல்லாமல் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஊசி போட்டுப் பிறந்த குழந்தைகள் பலவற்றின் பெருமை ஊசிக்கு உரியது அல்ல என்றும் இதைப் படிக்கலாம்.

2019-ல் அதே குழு, ஆரம்பக் கர்ப்பத்தில் ரத்தக்கசிவு கண்ட 4,153 பெண்களிடம் மறுபடி பார்த்தது. மொத்தத்தில் பெரிய பலன் இல்லை. ஆனால் முன்பே மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்து, இந்தமுறையும் கசிவு கண்டவர்களிடம், மருந்து பெற்றவர்களில் 72 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 57 என்று தெளிவான வேறுபாடு தெரிந்தது. அதை வைத்துத்தான் 2021-ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, முன்பு கரு கலைந்திருந்து இப்போது கசிவும் இருந்தால், கர்ப்பம் கருப்பைக்குள் இருப்பதை ஸ்கேனில் உறுதிசெய்து, 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை உள்ளே வைக்கச் சொன்னது. இந்த ஓ.பி.யிலும் அதுதான் நடைமுறை. கசிவு உண்டா, முன்பு இழப்பு உண்டா? இரண்டும் இருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை. "ஊசி போடாத டாக்டர்கிட்ட யாரும் வரமாட்டாங்கன்னு என் பேட்ச்மேட் சொல்வா. எனக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்குது, அதனால எனக்கு அந்தக் கவலை இல்ல" என்றார் பேராசிரியர்.

சர்க்கரை பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது என்ற எரிச்சல் தெரிந்தது. கருவின் உறுப்புகள் உருவாவது எட்டு வாரத்துக்குள். கட்டுக்கு மீறிய சர்க்கரை கருவைக் கலைக்கும், உறுப்புகளையும் கெடுக்கும். பதிவு செய்து, சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, சர்க்கரை என்று கண்டுபிடிப்பதற்குள் அந்த வாரங்கள் போயே போய்விடும். கர்ப்பத்துக்கு முன்பே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்திருந்தால் இந்தப் பயம் பெரும்பாலும் நீங்கும். நீர்க்கட்டிக்காரர்களுக்கு மெட்ஃபார்மின் கருச்சிதைவைத் தடுக்கும் என்று உறுதியான சான்று இல்லை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் சுழற்சி ஒழுங்காகும் என்பதற்கு இருக்கிறது. அது எழுதிக் கொடுக்க முடியாத மருந்து என்பதால் எழுதுகிறவர்களும் குறைவு.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஜவுளிக்கடைப் பெண் மறுபடி தென்பட்டாள். கையில் தைராக்சின் புட்டியும் ஃபோலிக் ஆசிட் அட்டையும். டி.எஸ்.எச். மறுபடி பார்த்து, இறங்கிய பிறகே அடுத்த கர்ப்பம் என்று சொல்லியிருந்தார்கள். மருந்தாளுநர் புட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தார்: 'வெறும் வயிறு. தண்ணீர் மட்டும்.' வெயிலிலும் குளியலறை ஈரத்திலும் வைக்காதே என்று வாயால் சொன்னார். மாமியார் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது முறை கிளீன் செய்த பிறகு எத்தனை நாள் வீட்டில் இருந்தாய் என்று கேட்டேன். "மறுநாள் ஞாயிறு சார். திங்கள்கிழமை கடைக்குப் போயிட்டேன். ஆடித் தள்ளுபடி நேரம்." அந்தக் கடையில் உட்காரவும் முடியாது. 2021-ல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்திய பிறகு நாற்காலி வந்திருக்கிறது. வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காரக் கூடாது என்பது வாய்மொழி உத்தரவு.

கர்ப்பமாக இருந்தபோது இவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு இதுவரை எந்த ஆய்விலும் ஆதாரம் கிடைக்கவில்லை. கரு போன பிறகு, உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது, சேலை மடிக்க நிறுத்திவிட்டார்கள். இதைப் படிப்பவர்களில் கடை வைத்திருப்பவர்கள், மில் நடத்துபவர்கள், அவர்களிடம் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கருச்சிதைவு ஆன மறுநாளிலிருந்து 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் எழுதப்பட்டு, இன்றைய சட்டத்திலும் தொடரும் உரிமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் அது பொருந்தும். அதற்குத் தேவை மருத்துவரின் ஒரு சான்றிதழ். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.